கடல்பாசியால் ஒயினைத் தெளியவைக்கலாமா? ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் முதல் தொண்டி வரை மிதவை போட்டுப் பாசி வளர்ப்பவர்கள், காய்ந்த பாசியை வாங்கி மாவாக்கி விற்க நினைக்கும் மகளிர் குழுக்கள், உரிமத்தோடு பழச்சாறும் பழ ஒயினும் தயாரிப்பவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

ஒயின் தானாகவே தெளியாதா? எதற்காக ஒன்றைப் போட்டுத் தெளியவைக்க வேண்டும்?

ஈஸ்ட்டும் பழச்சக்கையும் சில வாரங்களில் அடியில் படிந்துவிடும். படியாமல் மிஞ்சுபவை கண்ணுக்குத் தெரியாத அளவில் கரைந்திருக்கும் புரதம், துவர்ப்புத் தரும் டானின், பழத்தின் பசைப்பொருளான பெக்டின். புட்டியில் அடைக்கும் நாளில் வெள்ளை ஒயின் பளிங்கு போல இருக்கும். அதே புட்டி சித்திரை வெயிலில் லாரியில் இரண்டு நாள் கிடந்தால் உள்ளே பால் சிந்தியது போல வெண்மை படரும். வெப்பத்தில் புரதம் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். குடிப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் கலங்கிய புட்டியை யாரும் வாங்கமாட்டார்கள்.

ஊருணித் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை இழைத்துவிடுவதை நம் பாட்டிமார் செய்தார்கள். மிதக்கும் நுண்துகள்களைப் பிணைத்துக் கனமாக்கி அடியில் இறக்குவது அந்த வேலை. ஒயின் தொழிலில் நடப்பதும் அதேதான். பிணைக்க வேண்டிய துகள் எது என்பதைப் பொறுத்துப் போடும் பொருள் மாறும், அவ்வளவே.

இதுவரை எதைப் போட்டு வந்தார்கள்?

முட்டை வெள்ளைக்கரு, பாலின் புரதமான கேசின், மாட்டுத்தோல் அல்லது பன்றித்தோல் ஜெலட்டின், மீனின் காற்றுப்பையான மீன் நெட்டி, பென்டோனைட் என்னும் களிமண். மீன் நெட்டி நமக்குப் புதிதல்ல. கூறல் மீன் வலையில் பட்டால் அதன் நெட்டிக்காகவே ஏலம் ஏறுவதைக் கரையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நம் நெட்டி பெரும்பாலும் கிழக்காசியாவின் சூப் சந்தைக்குப் போகிறது. ஐரோப்பாவில் மீன் நெட்டியைச் சுத்தம் செய்து, அமிலத்தில் ஊறவைத்து, ஐசிங்கிளாஸ் என்ற பெயரில் பீரையும் ஒயினையும் தெளியவைத்து வந்தார்கள்.

இவற்றுக்கு மாற்று தேடக் காரணங்கள் உண்டு. விலங்குப் பொருள் எதையும் தொடாதவர்கள் அது பட்ட ஒயினையும் வேண்டாம் என்கிறார்கள். முட்டை, பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக, அவற்றின் எச்சம் தங்கும் ஒயின் புட்டியில் அதை அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் கட்டாயம். பென்டோனைட்டுக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. ஆனால் அது நன்றாக உப்பி, நிறைய அடிமண்டி விட்டு, ஒயினையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் வாசனையும் போகும்.

பாசிப் புரதம் என்கிறார்களே, நம் பெப்சிப் பாசியிலிருந்து அதை எடுத்து விற்கலாமா?

முதலில் தெளிவுபடுத்த வேண்டிய இடம் இதுதான். பெப்சிப் பாசி என்று நம் கரையில் பெயர் பெற்ற கப்பாபைகஸில் புரதம் மிகக் குறைவு. நன்றாகக் காய்ந்த பாசி நூறு கிலோவில் ஐந்து கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவுக்கு வருமானம் கட்டாது. அந்தப் பாசியின் செல்வம் காராஜீனன் என்னும் பசைப்பொருள். அது புரதமல்ல, சர்க்கரைச் சங்கிலி.

புரதம் மிகுந்த பாசி வேறு. நுண்பாசியான ஸ்பைருலினாவில் எடையில் பாதிக்கு மேல் புரதம். கடலில் வளர்பவற்றில் பச்சைப் பாசியான உல்வாவிலும் கஞ்சிப்பாசியிலும் கப்பாபைகஸைவிட அதிகம். ஆகவே பாசிப் புரதம் என்று ஒருவர் விலை பேசினால், எந்தப் பாசி, எவ்வளவு விழுக்காடு என்று கேளுங்கள். பல நேரங்களில் அவர் காராஜீனனைத்தான் அந்தப் பெயரில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இரண்டும் செய்யும் வேலையும் வேறு வேறு. புரதத்தைப் போட்டால் அது டானினைப் பிடிக்கும், அதனால் துவர்ப்பு குறையும். காராஜீனனைப் போட்டால் அது புரதத்தைப் பிடிக்கும், அதனால் வெப்பக் கலங்கல் நிற்கும். டானின் மிகுந்த ஒயினில் காராஜீனனைப் போட்டுவிட்டுத் துவர்ப்பு குறையவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

காராஜீனன் புரதத்தை எப்படிப் பிடிக்கிறது?

ஒயினின் பி.எச். 3 முதல் 3.6 வரை. பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். அந்தப் புளிப்பில் திராட்சைப் புரதம் நேர்மின்னேற்றத்தோடு இருக்கும். காராஜீனனின் உடம்பெல்லாம் சல்பேட் தொகுதிகள். எவ்வளவு புளிப்பிலும் அவை எதிர்மின்னேற்றத்தை இழப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் சேர்ந்து பஞ்சுத் துணுக்காகின்றன. ஒயினில் இயல்பாகவே உள்ள பொட்டாசியம், கப்பா வகைக் காராஜீனனை இறுகவைக்கும். அதனால் துணுக்கு கனத்து இறங்குகிறது. கப்பாபைகஸ் தருவது இந்தக் கப்பா வகைதான்.

ஆல்ஜினேட்டும் அகாரும் ஆகுமா?

இவையும் பாசியிலிருந்து எடுக்கும் பசைப்பொருள்கள்தான். ஆல்ஜினேட் நம் கட்டக்கோரையிலும் பக்கோடாப் பாசியிலும் உண்டு. பி.எச். 3.5-க்குக் கீழே அது கரையாத அமிலமாக மாறி, மிதப்பதை வாரிக்கொண்டு இறங்கும். புளிப்பு குறைந்த ஒயினில் சரியாக வேலை செய்யாது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி தரும் அகாரில் சல்பேட் குறைவு. அதனால் புரதத்தை இழுக்கும் சக்தியும் குறைவு. அகாருக்கு வேறு நல்ல சந்தை இருக்கும்போது அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குப் பாசிப் புரதம் உதவுமா?

கொள்கையளவில் உதவும். நுண்பாசிகளின் பல புரதங்கள் ஒயினின் புளிப்பில் நேர்மின்னேற்றம் பெற்று டானினோடு சேர்ந்து விழும். பிரித்தெடுக்கும் முறை இது: பாசி மாவைப் பத்து மடங்கு குளிர்ந்த நீரில் கலந்து, பி.எச். 9 முதல் 10 வரை ஏற்றி, ஒரு மணி நேரம் கிளறி, சக்கையை வடிகட்ட வேண்டும். வடிந்த நீரை பி.எச். 4-க்கு இறக்கினால் புரதம் திரிந்து விழும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிக் குறைந்த வெப்பத்தில் உலர்த்த வேண்டும்.

சிக்கல் மூன்று. பச்சையும் நீலமுமான நிறமிகள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். பாசி வாடை போகாது. ஒயினில் அது மீன் வாடையாகத் தெரியும். அதிகச் சூட்டில் உலர்த்திய புரதம் மீண்டும் கரையாமல், போட்ட இடத்திலேயே மணலாகக் கிடக்கும். லிட்டருக்கு 50, 100, 200 மில்லிகிராம் என்று சிறு புட்டிகளில் சோதித்து, முகர்ந்து, சுவைத்துப் பார்க்காமல் தொட்டியில் போடக்கூடாது. பட்டாணிப் புரதமும் உருளைக்கிழங்குப் புரதமும் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. அவற்றை வெல்லும் அளவு பாசிப் புரதம் இன்னும் தேறவில்லை என்பதே எங்கள் கணிப்பு.

என் ஒயின் கலங்கியிருக்கிறது. புரதமா, பெக்டினா, வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று சோதனை போதும். வெப்பச் சோதனைக்கு, ஒயினை நன்றாக வடிகட்டி, மூடியுள்ள கண்ணாடிக் குழாயில் 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 2 மணி நேரம் வைத்து, ஆறவிட்டுப் பாருங்கள். புதிதாகக் கலங்கினால் புரதம். கலங்கல்மானி இருந்தால் சூடாக்கும் முன்பும் பின்பும் அளந்து கழியுங்கள். வேறுபாடு 2 என்.டி.யூ.-வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருந்தால் பயமில்லை.

பெக்டினுக்கு, ஒரு பங்கு ஒயினோடு இரண்டு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்த்துக் குலுக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சளி போலத் திரி திரியாக மேலே எழுந்தால் பெக்டின். சோதித்த அந்தக் கலவை விஷம், கொட்டிவிட வேண்டும். மா, கொய்யா, முந்திரிப்பழ ஒயின்களில் பெரும்பாலும் இதுதான் வில்லங்கம். இதற்குக் காராஜீனன் மருந்தல்ல. பெக்டினேஸ் நொதிதான் மருந்து. பெக்டினை உடைக்காமல் காராஜீனன் போட்டால் தெளிவதற்குப் பதில் இன்னும் கொழகொழப்பாகும்.

மாவுச்சத்துக்கு ஒரு துளி அயோடின் போதும். நீலம் காட்டிக்கொடுத்துவிடும்.

எவ்வளவு காராஜீனன் போடவேண்டும்?

இதற்கு ஒற்றை எண் கிடையாது. ஒவ்வொரு தொட்டிக்கும் சிறு அளவில் சோதித்தே தீரவேண்டும்.

சுத்திகரித்த கப்பா காராஜீனன் 10 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இதுவே ஒரு விழுக்காட்டுக் கரைசல். ஒரு மில்லி லிட்டரில் 10 மில்லிகிராம் இருக்கும். அரை லிட்டர் ஒயின் கொண்ட ஆறு புட்டிகளை வரிசையாக வையுங்கள். முதல் புட்டியில் எதுவும் போடாமல், மற்றவற்றில் 2.5, 5, 7.5, 10, 15 மி.லி. கரைசல் சேர்த்தால் லிட்டருக்கு 50, 100, 150, 200, 300 மில்லிகிராம் என்று கணக்காகும். குலுக்கி, குளிர்ந்த இடத்தில் இரண்டு நாள் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து வெப்பச் சோதனை செய்யுங்கள். தேறியவற்றுள் மிகக் குறைந்த அளவே உங்கள் அளவு. கண்ணுக்கு எது பளிச்சென்று இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். 50 மில்லிகிராம் புட்டியும் அழகாகத் தெளிந்திருக்கும், வெப்பத்தில் மீண்டும் கலங்கும்.

தொட்டியில் போடும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

200 லிட்டர் ஒயின், சோதனையில் வந்த அளவு 150 மில்லிகிராம் என்று கொள்வோம். தேவை 30 கிராம் காராஜீனன், 3 லிட்டர் தண்ணீர்.

தண்ணீரில் கவனம் வேண்டும். நம் மாவட்டத்து போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். அந்த உப்புகள் கப்பா காராஜீனனைக் கரையவிடாமல் கட்டிப்போடும். கேன் தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே மாவைச் சிறிது சிறிதாகத் தூவி, மத்து அல்லது கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது கலக்குங்கள். வெந்நீரில் மொத்தமாகக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாக நிற்கும் கட்டிகள் விழும். ரவை உப்புமாவில் கட்டி விழுவது போலத்தான். பிறகு 80 டிகிரிக்கு ஏற்றி, அதே சூட்டில் 15 முதல் 20 நிமிடம். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மீன்கண் போன்ற மணிகள் எதுவும் தெரியக்கூடாது.

கரைசலை 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல், ஒயினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே, பென்சில் கனத்துக்கு ஒரே தாரையாக விடுங்கள். 3 லிட்டர் சூடான கரைசல் 200 லிட்டரில் விழுந்தால் ஒயினின் வெப்பம் ஒரு டிகிரி அளவுக்குத்தான் ஏறும், அதனால் கெடுதல் இல்லை. ஊற்றி முடித்தபின் பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி நிறுத்துங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தால், முதலில் புகை போலத் தெரியும். பிறகு அரிசிக் குறுநொய் அளவில் வெண்துணுக்குகள் கூடிக் கூடி, ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு இறங்குவது நன்றாகத் தெரியும். அப்படித் தெரியாவிட்டால் கலந்தது போதவில்லை. 15 டிகிரிக்குக் கீழே ஐந்து முதல் ஏழு நாள் அசைக்காமல் வைத்து, மேலிருந்து உறிஞ்சி வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் கரைசல் ஆறிப்போவதில்தான். ஆறிய கரைசல் ஒயினில் பட்டதும் சேமியா போல நீளநீளமாக உறைந்து மிதக்கும். அதற்குள் இருப்பது புரதத்தைத் தொடாத காராஜீனன். மீண்டும் சூடாக்கிப் பயனில்லை, வலையில் வடித்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும்.

தண்ணீர் சேர்க்கக்கூடாது என்று எண்ணி ஒயினிலேயே காராஜீனனைக் காய்ச்சுவது இன்னொரு தவறு. புளிப்பும் சூடும் சேர்ந்தால் காராஜீனன் சங்கிலி அறுந்து துண்டாகும். பிறகு அது புரதத்தைப் பிடித்தாலும் துணுக்கு சிறிதாகி இறங்காது.

அளவு கூடினால் எஞ்சிய காராஜீனன் ஒயினிலேயே தங்கும். நாக்கில் லேசான வழவழப்பு தெரியும், வடிகட்டியின் சவ்வு சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும். வடிகட்டி திடீரென்று அடைபட்டால் சவ்வை மாற்றுவதற்கு முன் உங்கள் அளவுக் கணக்கைப் பாருங்கள். அடிமண்டி தளர்வாக இருப்பதால் அவசரப்பட்டு உறிஞ்சினால் எல்லாம் கிளம்பி வரும். இன்னும் இரண்டு நாள் பொறுப்பது நல்லது.

சிவப்பு ஒயினில் காராஜீனன் தேவைப்படுவதில்லை. அதன் டானினே புரதத்தை இறக்கிவிடுகிறது.

பாசியிலிருந்து காராஜீனனை நாங்களே எடுக்க முடியுமா?

பாதி சுத்திகரித்த வகையைச் சிறு ஆலையில் எடுக்கலாம். காய்ந்த பாசியை மணல் போகக் கழுவி, 8 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 75 முதல் 80 டிகிரி வெப்பத்தில் 2 மணி நேரம் வேகவைக்க வேண்டும். பொட்டாசியம் இருப்பதால் காராஜீனன் கரைந்து வெளியேறாமல் பாசிக்குள்ளேயே நிற்கும். காரம் அதன் உறையும் வலிமையைக் கூட்டும். பிறகு பி.எச். நடுநிலைக்கு வரும்வரை பல தண்ணீர் மாற்றிக் கழுவி, நறுக்கி, உலர்த்தி, மாவாக்க வேண்டும். அந்தக் காரம் கையில் பட்டால் தோலை அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் அந்தத் தொட்டியருகே விடாதீர்கள். கழிவு நீரை நடுநிலையாக்காமல் கடலிலோ ஓடையிலோ விடவும் கூடாது.

இந்த மாவில் பாசியின் நார் அப்படியே இருக்கும். பீருக்கும் உணவுக்கும் இது ஓடும், ஒயினுக்கு உகந்ததல்ல. ஒயினுக்குச் சுடுநீரில் கரைத்து, சூடாகவே வடிகட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் திரியவைத்த சுத்த வகை வேண்டும். அது பெரிய முதலீடு, தீப்பிடிக்கும் ஆபத்தும் உள்ள வேலை. நம் மாவட்டத்து வலமாவூரில் 127.71 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்ட பல்நோக்குக் கடல்பாசிப் பூங்கா போன்ற பொது வசதியில்தான் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வேலைக்கு ஏற்ற பாசியை எப்படிக் காயவைப்பது?

45 நாள் வளர்ந்த பாசி வேண்டும். அதற்கு முன் அறுத்தால் காராஜீனன் முற்றியிருக்காது. அறுத்ததும் கடல்நீரிலேயே அலசி, ஒட்டிய வேறு பாசியையும் சிப்பியையும் நீக்குங்கள். நல்ல தண்ணீரில் அலசாதீர்கள், மழையிலும் விடாதீர்கள். நிறம் வெளுத்து சத்து கசியும். மணலில் போடாமல், கால் நட்டுக் கட்டிய வலைப் பரணில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். கையில் எடுத்து வளைத்தால் ஒடியாமல் ரப்பர் போல வளைந்து, மேலே பூத்த உப்பு உதிர வேண்டும். அப்போது ஈரம் ஏறத்தாழ 35 விழுக்காடு. அதைவிட ஈரமாக மூட்டை கட்டினால் உள்ளே சூடேறிக் கெடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். கருவாடு காயும் பரணில் பாசியைக் காயவைக்காதீர்கள். விலங்குப் பொருள் இல்லாத தெளிவிப்பான் என்பதற்காகத்தான் இதை வாங்குகிறார்கள். மூட்டையில் இரண்டு நெத்திலிச் செதில் இருந்தாலும், மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து, உங்களுக்கு மொத்தச் சரக்கும் திரும்பி வரும்.

இதைப் பதநீரில் போட்டுத் தெளியவைக்கலாமா?

கூடாது. கலயத்தில் தடவிய சுண்ணாம்பால் பதநீர் காரத்தன்மையோடு இருக்கும். அங்கே புரதத்தின் மின்னேற்றம் மாறிவிடுவதால் காராஜீனன் அதை இழுக்காது. ஆல்ஜினேட் போட்டால் இன்னும் மோசம். சுண்ணாம்பின் கால்சியத்தோடு சேர்ந்து உடனே ஜெல்லிக் கட்டியாகிவிடும். பதநீருக்கு முதலில் சுண்ணாம்பைத் தெளியவிட்டு இறுத்து, பிறகு துணியில் வடிப்பதே சரி.

சட்டப்படி எங்கே பயன்படுத்தலாம்?

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கே சொன்ன முறைகள் உரிமம் உள்ள ஆலைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் உரியவை. இந்தியாவில் விற்கும் ஒயினுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு மதுபான விதிகளைப் பார்த்த பிறகே எதையும் சேர்க்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒயினில் நிலைமை கடுமை. ஒன்றியத்தின் 2019/934 எண் விதியில் ஆல்ஜினேட்டுக்குப் பொங்கும் ஒயினில் மட்டுமே இடம் உண்டு. காராஜீனனும் பாசிப் புரதமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆஸ்திரேலியாவில் காராஜீனனைக் கொண்டு வெள்ளை ஒயினின் புரதத்தை நீக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆய்வு வேறு, அனுமதி வேறு. பீருக்கு இந்தத் தடையில்லை. கொதி முடிய பத்து, பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஐரிஷ் பாசி போடும் வழக்கம் மேற்கில் பழையது. அந்த ஐரிஷ் பாசியின் சரக்கும் காராஜீனன்தான். ஆகவே இன்று வாங்குபவரைத் தேடினால் பீர் ஆலையிடமும் உணவு ஆலையிடமும் முதலில் பேசுங்கள்.

பாசி வளர்ப்பு கடலுக்குக் கெடுதல் என்கிறார்களே?

உரம் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம், நிலம் வேண்டாம் என்பது உண்மை. மூன்று மீட்டர் சதுர மிதவையில் 60 கிலோ நாற்று கட்டினால் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் எடுக்கலாம். ஆனால் கப்பாபைகஸ் நம் கடலின் பாசியல்ல. ஒடிந்த ஒரு துண்டு போதும், ஒட்டி வளர்ந்துவிடும். குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் அது படர்ந்து, அடியிலிருந்த பவளத்தை மூச்சுத்திணற வைத்தது 2008-லேயே அறிவியல் இதழில் பதிவானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

மிதவையின் அடியில் வலை கட்டுவது ஓரா மீன் மேயாமல் இருக்க மட்டுமல்ல, ஒடிந்த துண்டுகள் தப்பாமல் இருக்கவும்தான். வலை கிழிந்தால் அன்றே தையுங்கள். ஐப்பசி, கார்த்திகைக் காற்றுக்கு முன் மிதவைகளைக் கரையேற்றிவிடுங்கள். புயலில் கயிறு அறுந்த மிதவை எங்கே ஒதுங்கினாலும் தேடிப்போய், கயிற்றோடும் பாசியோடும் முழுதாக எடுத்து வாருங்கள். பவளம் உள்ள பக்கமாக அது போயிருந்தால் மண்டபத்தில் உள்ள வன உயிரினத் துறைக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.